ராமானுஜத்தை எந்த அத்தியாயத்தில் வைப்பது?

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், முத்தாபுதுப்பேட்டையில் சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின், மாணவி ஒருத்தி கையில் ஒரு கட்டுத் தாளுடன் பங்கு இல்லத்தின் வாசலில் நின்றாள். எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் பயில்பவள். நாள்தோறும் பட்டாபிராமில் மின்ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து நடந்தே கல்லூரி சேர்பவள். இறுதியாண்டு ஆய்வேட்டைத் தமிழில் எழுதி முடித்திருந்தாள். அதிலுள்ள ஒற்றுப் பிழைகளை நான் திருத்தித் தர வேண்டும் என்பது கோரிக்கை. 'சர்ரியலிச ஓவியர்களும் அவர்தம் உத்திகளும்' என்பது தலைப்பு.

"ஒற்றுப் பிழைக்காகவா இந்நேரத்தில் வந்தாய்?" என்றேன்.

"இன்னொன்றும் இருக்கிறது ஃபாதர். கே. ராமானுஜத்தை எந்த அத்தியாயத்தில் வைப்பது என்று தெரியவில்லை. ஒவ்வோர் உத்திக்கும் ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் அவரை வைத்துப் பார்த்துவிட்டேன். எதிலும் உட்கார மாட்டேன் என்கிறார்."

ராமானுஜம் என்றதும் எனக்குக் கணித மேதைதான் நினைவுக்கு வந்தார். அவள் சொன்னவர் சோழமண்டலத்து ஓவியர். இறையியல் படித்தவனிடம் ஓவியத்தைப் பற்றிக் கேட்கிறாளே என்று எண்ணியபடி தாள்களை வாங்கி வைத்தேன். பிறகு மூன்று வாரங்கள் வேறு நூல்களையும் தேடிப் படிக்க நேர்ந்தது. படிக்கப் படிக்க, அவள் கேட்டது அத்தியாய வரிசை பற்றிய கேள்வி மட்டுமன்று என்பது தெளிவாயிற்று.

சர்ரியலிசம் என்பதைத் தமிழில் மீமெய்ம்மை என்பார் உளர். அடிமன வெளிப்பாடு என்பாரும் உளர். சொல்லை 1917இல் படைத்தவர் கியோம் அப்போலினேர் என்னும் பிரெஞ்சுக் கவிஞர். ஆனால் பொருளுக்கு வித்து விழுந்த இடம் ஒரு மருத்துவமனை. முதல் உலகப் போரின் நடுவில், 1916இல், ஆந்த்ரே பிரெத்தோன் என்னும் இருபது வயது மருத்துவ மாணவர் சேன்-திசியே என்ற ஊரில் இருந்த படைவீரர் மனநல மருத்துவமனையில் பணியில் அமர்த்தப்பட்டார். போர்முனையில் மனம் குலைந்தவர்கள் அங்கே கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஒருவர், போர் என்பதே நடக்கவில்லை, காயங்களெல்லாம் ஒப்பனை, பிணங்களெல்லாம் யாரோ கொண்டுவந்து கிடத்தியவை என்று உறுதியாக நம்பினார். குண்டுகளுக்கு நடுவே அஞ்சாமல் எழுந்து நின்றவர் அவர். பிரெத்தோனால் அந்த மனிதரை மறக்கவே முடியவில்லை. அறிவு என்று உலகம் போற்றியது இலட்சக்கணக்கானோரைப் பதுங்கு குழிகளில் சாகடித்துக்கொண்டிருந்தது. பித்து என்று உலகம் ஒதுக்கியது அதற்கொரு மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தது. இயக்கத்தின் பிறப்பை 1924ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து தொடங்கி எழுதுவது வழக்கம். என் மாணவியும் அப்படித்தான் தொடங்கியிருந்தாள். நான் அதனை அடித்துவிட்டு, மருத்துவமனையிலிருந்து தொடங்கு என்று ஓரத்தில் எழுதினேன்.

அறிக்கை வெளியான 1924 அக்டோபரிலேயே பாரிஸில் கிரெனெல் தெருவில் ஓர் அலுவலகத்தையும் திறந்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து தம் கனவைச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளலாம். கனவுக்கு ஒரு பதிவு அலுவலகம்! நம்மூரில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் காத்துக்கிடந்து பழகிய எனக்கு இதனைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

இனி உத்திகள். அறிவின் காவலைத் தளர்த்தி அடிமனத்தைப் பேசவைக்க வேண்டும் என்பதே எல்லா உத்திகளின் நோக்கமும். 1917இல் போர்முனையில் படுகாயமுற்றுப் பிழைத்த ஆந்த்ரே மசோன், எதை வரைகிறோம் என்று எண்ணாமலே கையை ஓடவிட்டு வரைந்தார். பின்பு துணியில் பசையை அங்குமிங்கும் ஊற்றி, மேலே மணலைத் தூவி, ஒட்டிய மணல் காட்டிய உருவத்தைத் தொடர்ந்து தீட்டினார். நம் வீட்டு வாசலில் கோலமிடும் பெண் புள்ளி வைத்து, எண்ணி, வளைத்துச் செய்வதற்கு நேர் எதிரான வேலை இது. பொடி தூவுவது மட்டும்தான் பொது.

மாக்ஸ் எர்ன்ஸ்டின் உத்தி நமக்கு இன்னும் அண்மையானது. 1925 ஆகஸ்டில், மழை பெய்த ஒரு நாளில், கடற்கரை விடுதி ஒன்றில் அவர் தங்கியிருந்தார். தேய்ந்துபோன தரைப் பலகையின் வரிகள் அவர் கண்ணைப் பிடித்துக்கொண்டன. அதன்மேல் தாளை விரித்துக் கரிப் பென்சிலால் தேய்த்தார். காடும் விலங்கும் கண்களும் எழுந்து வந்தன. நாணயத்தின்மேல் தாளை வைத்துத் தேய்த்து விளையாடாத பிள்ளை நம்மில் உண்டா? கோயில் சுவர்க் கல்வெட்டின்மேல் ஈரத்தாளை ஒற்றி, மை தோய்ந்த பஞ்சுருண்டையால் தட்டிப் படியெடுக்கும் கல்வெட்டாய்வாளரின் கைவேலையும் இதற்கு உறவுடையதே. வேறுபாடு ஒன்று உண்டு. கல்வெட்டாய்வாளர் கல்லில் முன்னோர் எழுதியதைத் தேடுகிறார். எர்ன்ஸ்ட் பலகையில் யாரும் எழுதாததைத் தேடினார். சிறுவனாய் அம்மை கண்டு காய்ச்சலில் கிடந்தபோது, கட்டிலுக்கு எதிரே இருந்த மரப் பலகையின் வரிகள் முகங்களாய் மாறி மிரட்டியதை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அவருடைய தந்தையார் காதுகேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியராய் இருந்த பக்தியுள்ள கத்தோலிக்கர், ஓய்வுநேர ஓவியர். மகனோ, அன்னை மரியா குழந்தை இயேசுவை மடியில் கிடத்தி அடிப்பதாக 1926இல் ஒரு படம் தீட்டினார். அது நம்மைப் புண்படுத்தும் படம்தான். ஆயினும் அதில் அடிவாங்கும் குழந்தை யார் என்பதை அந்தத் தந்தை அறிந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஈர வண்ணத்தின்மேல் தாளையோ கண்ணாடியையோ அழுத்தி எடுக்கும் உத்தியை ஓஸ்கார் தொமிங்கெஸ் 1930களின் நடுவில் கையாண்டார். தாளில் மைத்துளி விட்டு மடித்து வண்ணத்துப்பூச்சி செய்யும் பள்ளிப் பிள்ளைகளின் வித்தையே அது. எர்ன்ஸ்ட் அதனை எடுத்துக்கொண்டு, இரண்டாம் உலகப் போர் வெடித்தபோது பிரான்சில் பகைநாட்டவராகச் சிறைமுகாமில் அடைபட்டு, பின் அமெரிக்காவுக்குத் தப்பியோடிய ஆண்டுகளில், 'மழைக்குப் பின் ஐரோப்பா' என்னும் ஓவியத்தைத் தீட்டி முடித்தார். பாசிபிடித்து அழுகிய ஒரு கண்டம் அதிலே தெரிகிறது. விளையாட்டு வித்தை அங்கே விளையாட்டாய் இல்லை.

சல்வதோர் தாலியைப் பற்றி மட்டும் மாணவி 14 பக்கங்கள் எழுதியிருந்தாள். குறைக்கச் சொன்னேன். உருகும் கடிகாரங்களை நாள்காட்டிகளிலும் சட்டைகளிலும் பார்த்துப் பார்த்து நாம் சலித்துவிட்டோம். ஆனால் நம் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் அவிலா நகரத்துத் துறவு மடத்தில் ஆன்ம குருவாய் இருந்த நாள்களில், சிலுவை அருளப்பர் தாம் கண்ட காட்சி ஒன்றைச் சிறு தாளில் பேனாவால் வரைந்துவைத்தார். அறையப்பட்ட இயேசுவை மேலிருந்து, பக்கவாட்டில் நோக்கும் படம் அது. அதனைக் கண்ட தாலி, 1951இல் தம் பெரிய ஓவியத்தைத் தீட்டினார். கனவில் கண்டதாகத்தான் அவரும் சொன்னார். ஆயினும் அதற்காக ஹாலிவுட்டில் சாகசக் காட்சிகளில் நடிப்பவர் ஒருவரை உயரத்திலிருந்து தொங்கவிட்டு, உடலின் எடை தோளில் எப்படி இழுக்கிறது என்று பார்த்துப் படித்துக்கொண்டார். அப்படத்தை 1952இல் கிளாஸ்கோ நகரம் 8,200 பவுன் கொடுத்து வாங்கியபோது, அந்நகரத்துக் கலை மாணவர்களே அது வீண்செலவு என்று எதிர்த்தனர். ஒரே காட்சியை இருவர் வரைந்திருக்கிறார்கள். ஒருவர் உள்ளங்கையளவு தாளில் அவசரமாய் வரைந்தார். மற்றவர் கயிறும் விளக்கும் வைத்து வரைந்தார். எனக்கு அந்தச் சிறு தாளே பெரிதாய்ப் படுகிறது. மாணவி இதனை ஒப்பவில்லை. ஒப்ப வேண்டியதும் இல்லை.

இங்கேதான் அவளுடைய கேள்விக்கு முதல் வெளிச்சம் கிடைத்தது. அறிக்கைக்கு முன்பே, 1922இல், பிரெத்தோனும் நண்பர்களும் மாலைதோறும் விளக்கைத் தணித்து, கைகோத்து அமர்ந்து, மயக்க உறக்கத்தில் ஆழ்ந்து பேசும் சோதனைகளைச் செய்தனர். கவிஞர் ரொபேர் தெஸ்னோஸ் நினைத்த மாத்திரத்தில் அந்நிலைக்குள் போய்விடுவார். ஒருநாள் அவர் கத்தியுடன் நண்பர் ஒருவரைத் துரத்தினார். இன்னொரு நாள் மயக்கத்திலிருந்த சிலர் கூட்டமாய் உயிரை மாய்த்துக்கொள்ள முனைந்தனர். பிரெத்தோன் அஞ்சினார். சோதனைகளை நிறுத்திவிட்டார்.

நிறுத்த முடிந்தது என்பதுதான் செய்தி. தாலியும் தமக்கும் பைத்தியக்காரனுக்கும் உள்ள ஒரே வேறுபாடு தாம் பைத்தியம் அல்ல என்பதே என்று சொல்லித் திரிந்தார். உத்தி என்பது இடுப்பில் கட்டிய கயிறு. மற்றொரு முனை கரையில் கட்டப்பட்டிருக்கும். கிணற்றுக்குள் இறங்கி, பார்த்துவிட்டு, ஏறி வந்து, காப்பி அருந்திவிட்டுக் கட்டுரை எழுதலாம். ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பிரின்ஸ்ஹோர்ன், மனநோயாளிகள் வரைந்த படங்களைத் தொகுத்து 1922இல் ஒரு நூல் வெளியிட்டார். எர்ன்ஸ்ட் அதைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார்; நண்பர்கள் வியந்து வியந்து புரட்டினர். அந்நூலில் படம் வரைந்தவர்களோ பெரும்பாலும் சொந்தப் பெயரின்றிப் புனைபெயரிலேயே அச்சேறினர். அவர்கள் கிணற்றிலேயே இருந்தவர்கள்.

இனிச் சென்னைக்கு வருவோம். மாணவி படிக்கும் கல்லூரியும் ஒரு மருத்துவரால் தொடங்கப்பட்டதே. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் 1850இல் அதனை நிறுவினார். நெடுங்காலம் தச்சும் உலோக வேலையும் மண்பாண்டமும் கற்பித்த தொழிற்பள்ளி அது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமை ஏற்ற பிறகு நுண்கலை முன்னுக்கு வந்தது. மெரினாவில் நாம் காணும் உழைப்பாளர் சிலை அவர் வடித்தது. அவருக்குப் பின் 1957இல் முதல்வரானவர் கே. சி. எஸ். பணிக்கர். படித்து வெளியேறும் இளைஞர்கள் ஓவியத்தை நம்பிப் பிழைக்க முடியாமல் எழுத்தர் வேலைக்குப் போய்க் கலையை மறந்துவிடுவதைக் கண்டு வருந்தியவர். அவரும் மாணவர்களும் கைவினைப் பொருள்கள் செய்து விற்றனர். அவற்றுள் முதன்மையானது மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி. மெழுகு எங்கே விரிசல் விடும், சாயம் எவ்வழியே ஊறும் என்பது ஓரளவு தற்செயல். பாரிஸில் தற்செயலை மெய்யியலாகப் பேசினர். இங்கே அது சோறு போட்டது. அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினர். மணலும் சவுக்கும் தவிர வேறொன்றும் இல்லாத இடம் அது.

அங்கே வாழ்ந்தவர்களுள் ஒருவர்தான் கே. ராமானுஜம். சென்னைக்காரர். பேச்சு எளிதில் வராது. மனச்சிதைவு நோய் அவரைப் பற்றியிருந்தது. ஊரும் உறவும் இத்தகைய பிள்ளையை எப்படிப் பார்க்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பணிக்கர் மட்டும் அந்தக் கையில் இருந்ததைக் கண்டுகொண்டார். கல்லூரியிலும் பின்பு சோழமண்டலத்திலும் அவருக்குத் துணையாய் நின்றார். தம் முப்பதுகளின் தொடக்கத்திலேயே, 1973இல், ராமானுஜம் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அவர் வரைந்தவை இன்று பெரும் சேகரிப்புகளில் மதிப்புடன் வைக்கப்பட்டிருக்கின்றன.

அவருடைய படங்களை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை. பெரும்பாலும் பேனாவும் மையுமே. மாடங்கள், வளைவுகள், படிக்கட்டுகள், தூண்கள், ஒன்றின்மேல் ஒன்றாய் எழும் மாளிகைகள். சிறகுள்ள பெண்கள், நெளியும் பாம்புகள், யாளியை ஒத்த விலங்குகள், பறவைகள். 'அம்புலிமாமா'வின் சித்திரங்களும், நாம் சிறுவயதில் தரையில் அமர்ந்து பார்த்த புராணப் படங்களின் அரண்மனை அரங்குகளும் சேர்ந்து நினைவுக்கு வரும். இவற்றின் நடுவே தொப்பி அணிந்த ஒரு மனிதன் இருப்பான். அவன் ராமானுஜமேதான். தெருவில் யாரும் திரும்பிப் பார்க்காத மனிதனுக்கு அங்கே தேவதைகள் வரவேற்புக் கொடுக்கிறார்கள்.

மாணவி கொண்டுவந்த அச்சுப்படங்களை மேசைமேல் பரப்பிவைத்துத் தாலியையும் ராமானுஜத்தையும் அருகருகே பார்த்தேன். தாலியின் உலகில் கடிகாரம் உருகுகிறது. உடல் இழுபட்டு, கவைக்கோலால் முட்டுக்கொடுக்கப்பட்டு நிற்கிறது. ராமானுஜத்தின் உலகில் எதுவும் உருகவில்லை. தூண் நேராக நிற்கிறது. படி படியாகவே இருக்கிறது. நுண்ணிய கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டுத் தாளில் ஒரு விரற்கடை இடமும் வெறுமையாய் விடாமல், செங்கல் அடுக்குபவரைப் போல் அடுக்கியிருக்கிறார். சரிந்துகொண்டிருக்கும் ஒருவர் கட்டிய வீடு அது. பாரிஸ் ஓவியர்கள் உறுதியான தரையில் நின்றுகொண்டு, அதனை உடைக்க உத்தி தேடினர். தரையே இல்லாத இவர், கோட்டால் தரை போட்டுக்கொண்டார்.

ஆகவே இவரைச் சர்ரியலிசத்தின் இந்தியக் கிளை என்று எழுதுவது பிழை என்பது என் துணிபு. தோற்றம் ஒத்திருக்கிறது, நடந்த திசை நேரெதிர். நோயே அவரை ஓவியராக்கியது என்பாரும் உளர். அதையும் நான் ஏற்கவில்லை. மனச்சிதைவு கண்டோர் ஆயிரமாயிரம், ராமானுஜம் ஒருவரே. நோய் அவரிடமிருந்து நாள்களைப் பறித்தது. படங்கள், எஞ்சிய நாள்களில் அவர் உழைத்த உழைப்பு.

இன்னொன்றையும் அந்தக் காலத்தோடு சேர்த்து எண்ணிப் பார்க்கிறேன். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794ஆம் ஆண்டிலிருந்தே தன் வரலாற்றைக் கணக்கிடும் பழைய நிறுவனம். 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராய் இருந்தவர் மருத்துவர் சாரதா மேனன். பூட்டிவைப்பதை விட்டு, வந்து மருந்து பெற்று வீடு திரும்பும் வழியை வளர்த்தவர், 1984இல் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர், 2021இல் மறைந்தார். ராமானுஜம் வரைந்துகொண்டிருந்த ஆண்டுகளும் அவர் கீழ்ப்பாக்கத்தில் உழைத்த ஆண்டுகளும் ஒன்றே. மருந்தும் இருந்தது, மருத்துவரும் இருந்தார். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லவே நம் வீடுகள் கூசின. இன்றும் நம் தெருக்களில் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பது வசைதானே!

எழுதத் தொடங்கியபோது இதனைச் சொல்ல எண்ணவில்லை. ஆனால் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது, வேறொரு பங்கில், ஒரு தாய் என்னை வீட்டுக்கு அழைத்தார். "சாமி, வந்து மந்திரிச்சுட்டுப் போங்க. புள்ள ராத்திரியெல்லாம் தூங்காம சுவத்துல கிறுக்கறான்" என்றார். போனேன். இருபது வயதிருக்கும் இளைஞன் மூலையில் அமர்ந்திருந்தான். மூன்று சுவர்களிலும் அடுப்புக்கரியால் கதவுகள். பெரிதும் சிறிதுமாய், ஒன்றுக்குள் ஒன்றாய்க் கதவுகள். நான் தீர்த்தம் தெளித்தேன், செபித்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள், பார்க்கப் பார்க்கத்தான் பையனுக்குக் கலக்கம் அதிகமாகும் என்று அறிவுரையும் சொன்னேன். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை பேசவும் தோன்றவில்லை. அடுத்த முறை போனபோது சுவர்கள் வெள்ளையாய் இருந்தன. அவன் அங்கேயே அமர்ந்திருந்தான். சில மாதங்களில் குடும்பம் ஊரைவிட்டுப் போயிற்று.

பூந்தமல்லிக் குருமடத்தில் எசேக்கியேல் நூலைத் தேர்வுக்குப் படித்தவன் நான். நாடு கடத்தப்பட்டு, ஆலயமும் இடிந்தபின், அந்த இறைவாக்கினர் காட்சியில் ஓர் ஆலயத்தைக் காண்கிறார். வாயில் வாயிலாக, முழம் முழமாக அது அளக்கப்படுகிறது. அந்த வாயில்களின் அளவுகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

திருத்திய தாள்களை உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிந்திய வாரத்தில் மாணவியிடம் கொடுத்தேன். ராமானுஜத்தை எந்த உத்தியின் கீழும் வைக்காதே என்றேன். அவளும் அதற்குள் அந்த முடிவுக்கு வந்திருந்தாள். 'கே. ராமானுஜம்' என்று பெயரை மட்டும் தலைப்பாய் இட்டுத் தனி அத்தியாயம் எழுதப்போவதாகச் சொன்னாள். பேச்சு நீண்டதில் அந்தச் சுவரைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

"அந்தக் கதவுகள் திறந்திருந்தனவா, மூடியிருந்தனவா ஃபாதர்?" என்றாள் பிறகு.

எவ்வளவு எண்ணிப் பார்த்தும் எனக்கு நினைவு வரவில்லை.